ஐந்தாவது கடலோடு நின்ற கதை

அழுதுவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லாருமே சொல்கிறார்கள், ஜெயலட்சுமி அக்கா தமிழில் சொல்கிறாள், பக்கத்து வீட்டு வங்காளத்துத் தீதி இந்தியில் சொல்கிறாள், குழாயடியில் பெயர் தெரியாத ஒரு தெலுங்குக்காரி தன் கன்னத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டிவிட்டுப் போகிறாள், ஆனால் கண்ணீர் என்ன கோழிக்குஞ்சா, பா பா என்று கூப்பிட்டதும் ஓடி வருவதற்கு... மரகதம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, அதற்கு அந்தப் பக்கம் சிப்பிகாட் குடியிருப்பு முழுவதும் இருந்தது, பண்ணை ஆட்கள், அவர்கள் பெண்டுபிள்ளைகள், சுண்டல் விற்கிறவன், அவன் நாய், இந்தப் பக்கம் அவளும் மகள் மல்லிகாவும் மட்டும். புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள் சினிமாவுக்கு வந்தால் பேசமாட்டார்களா, அதனால்தான் துணிக்குப் பின்னால். இது ஜெயலட்சுமி அக்கா புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, இந்தக் குடியிருப்பில் முன்பிருந்தே உள்ளதுதான், துக்கம் காக்கிறவர்கள் பின்பக்கம் உட்காரலாம், பின்னாலிருந்து பார்த்தால் பார்த்ததாக ஆகாது. யார் முதலில் அப்படிச் சொல்லியிருப்பார்கள்? ஊரில் இப்படியொன்று கிடையாது, அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர்கள் ஆளுக்கொரு வழக்கத்தைச் சுமந்து வந்து, ஒன்றும் ஒன்றோடு ஒட்டாமல், கடைசியில் யாருடையதும் இல்லாத ஒன்று இங்கேயே முளைத்திருக்கிறது, வேலியில் தானாக முளைத்த பூசணி மாதிரி. “போன வாரம் பத்துபஸ்தில இந்தப் படம் போட்டாங்கடி, அழாத பொம்பள ஒருத்தி கெடையாது,” என்று மத்தியானமே வந்து நின்றாள் அக்கா, “நான் மூக்கச் சிந்துன சிந்துல முந்தான நனைஞ்சு போச்சு. நீ என்ன கல்லா? வா சொல்றேன், இன்னிக்கி ஒன்ன அழ வைக்காம அனுப்ப மாட்டேன்.” கல்லா என்று மரகதம் தன்னைக் கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை. கல்லுக்கு மட்டும் தெரிந்தா இருக்கும்.

தீதி முன்பக்கம் போகும்போது முதுகைத் தடவிவிட்டுத்தான் போனாள், ரோ லோ பெஹன், ரோ லோ, அழுதுவிடு அழுதுவிடு என்று, அந்தக் கையின் பாரம் முதுகில் தெரிந்தது, சூடு தெரியவில்லை. எதுவுமே அப்படித்தான் இருக்கிறது இப்போது. பாக்கு உரித்துக்கொண்டிருந்தபோது தாவ் கத்தி நழுவி விரலில் இறங்கியது, பாக்கெல்லாம் சிவப்பான பிறகு அக்காதான் அலறினாள், ஏ புள்ள ரத்தம் ரத்தம் என்று, மரகதம் அந்த விரலைத் தூக்கிப் பார்த்தாள், வேறு யாருடையதோ போல இருந்தது, கட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள், கட்டினாள், அவ்வளவுதான். சேதி வந்த அன்றைக்கும் அப்படித்தான். நடு அந்தமானில் மரம் வெட்டும் முகாமிலிருந்து படகில் ஆள் வந்தான், மரம் சாயும் பக்கம் மாறிவிட்டது என்றான், மழையில் படகு கிடைக்க நாளாகும், வைத்திருக்க முடியாது, அங்கேயே எரித்துவிட்டோம் என்றான், ஒரு துணி மூட்டையும் கோடரியும் கொடுத்தான். அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா என்றுகூடக் கேட்டாள், அது ஞாபகம் இருக்கிறது, அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது. புருஷன் முகத்தைப் பார்த்திருந்தால் அழுகை வந்திருக்குமோ, பார்க்காமல் எப்படி அழுவது, ஒரு கோடரியைப் பார்த்து யாராவது அழுவார்களா...

“அம்மா, தண்ணி அடிக்கிறாங்க பாரு,” என்றாள் மல்லிகா. ஆபரேட்டர் சொக்கலிங்கம் வாளியும் கையுமாக வந்து துணிமேல் தண்ணீரை வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தார், நனைந்த துணியில்தான் படம் பின்பக்கம் வரைக்கும் ஊறி வரும், போர்ட் பிளேரிலிருந்து ஜீப்பில் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிற மனிதர், பின்னால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இதை மறக்கமாட்டார். “நல்லாத் தெரியும் தங்கச்சி, ஆனா எல்லாம் எடம் வலம் மாறித் தெரியும், மாமியா வந்து மருமக மாதிரி நிப்பா, பயந்துறாத,” என்றார், தானே சிரித்துக்கொண்டார், அவள் சிரிக்காததைப் பார்த்து வாளியை வேகமாக எடுத்துக்கொண்டு போனார். ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற ஊர் இது, ஆறு மணிக்கெல்லாம் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது, டீசல் வாடை வந்தது. மல்லிகா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காலையிலிருந்தே பேச்சில்லை, சாப்பாடும் பாதிதான், எட்டு வயதுப் பெண்ணுக்குப் படம் பார்க்கப் போகிற பரபரப்பு வேண்டாமா, இவளைப் பார்த்தால் பரீட்சைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி... ஏனென்று மரகதத்துக்குத் தெரியும். படத்தின் கதை என்னவென்று நேற்றே குழாயடியில் சொல்லிவிட்டார்கள். அரக்கன் கதை. ஏழு கடல் தாண்டி ஒரு தீவு, தீவில் ஒரு குகை, குகையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு வண்டு, அந்த வண்டுக்குள் அரக்கனின் உயிர். அவள் புருஷன் நாகமுத்து மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதை.

சொல்லி முடிக்காத கதை. முகாமிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கடல் சொல்லுவார், சாப்பிட்டுவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் அவளைப் போட்டுக்கொண்டு, ஒரு கடலைத் தாண்டவே இரண்டு மூன்று நாள் ஆகும், திரும்ப முகாமுக்குக் கிளம்பும்போது எந்த இடமோ அந்த இடத்தில் நிறுத்திவிடுவார், மீதிய வந்து சொல்றேன் என்பார். நெசமா? என்பாள் மல்லிகா. கத முடியாம அப்பன் எங்கடி போவேன், என்பார். இது ஒவ்வொரு தடவையும் நடக்கும், சாமி கும்பிடுகிற மாதிரி, இதைச் சொல்லாமல் அவர் படி இறங்கினதில்லை. கடைசியாகப் போனபோது ஐந்தாவது கடலில் நிறுத்தியிருந்தார். மல்லிகாவுக்கு எல்லாம் சொல்லியாயிற்று, அப்பா இல்லை என்று சொல்லியாயிற்று, தலையாட்டினாள், பள்ளிக்கூடத்திலும் யாரோ கேட்டதற்கு எங்கப்பா செத்துட்டாரு என்றுதான் சொன்னாளாம், ஆனால் அதற்கப்புறம் யாரையும் கதை கேட்கவில்லை, தீதி ஒருநாள் ஆசையாகக் கூப்பிட்டுத் தன் ஊர் அரக்கி கதையை ஆரம்பித்தபோது காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள், ஏண்டி என்றதற்கு, எனக்கு முடிஞ்சிரும் என்றாள். முடிந்துவிடும். முடியாமல் இருக்கிற வரைக்கும் வரவேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். இன்று அந்தத் துணியில் ஏழு கடலும் முடிந்து, வண்டும் செத்து, எல்லாரும் கைதட்டி எழுந்துவிட்டால், அப்புறம் அவர் எதற்காக வரவேண்டும்? கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதோ... வரமாட்டேன் என்று அவளும் சொல்லவில்லையே, தானாகத்தான் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள், முடிந்தால் முடியட்டும் என்று நினைத்துவிட்டாளோ, அல்லது தன்னைப்போலவே ஒன்றும் நினைக்காமல் வந்துவிட்டாளோ. ஒரு தாயாக இருப்பவளுக்கு இப்போது நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். மரகதம் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டுதான் இருந்தது, தன்பாட்டுக்கு, ஜெனரேட்டர் மாதிரி.

துணியில் வெளிச்சம் வந்தது, எழுத்துகள் வந்தன, மல்லிகா தலையைச் சாய்த்து, எல்லாம் திரும்பி இருக்கும்மா, கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கு என்றாள். மரகதத்துக்கு எழுத்து எப்படி இருந்தாலும் ஒன்றுதான். பிறகு அரண்மனை, தூண்கள், ஆடுகிற பெண்கள், ஒரு ராஜா இருமினார், ஒரு ராணி அழுதாள், அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் உடனே தொடங்கிவிட்டது. துணியின் நடுவில் ஒரு தையல், இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், யார் வந்து நின்றாலும் கழுத்துக்கு நேராக அந்தக் கோடு ஓடியது. கீழ் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ராணி அழுதாலும் சொட்டியது, சிரித்தாலும் சொட்டியது. அப்புறம் ராஜகுமாரன் குதிரையில் வந்தான், இறங்கினான், வாளை உருவினான். மல்லிகா எழுந்து நின்றுவிட்டாள். “அம்மா... பீச்சாங்க!” ஆமாம், இடது கையால்தான் உருவினான், இடது கையால்தான் வீசினான், இடது கையால் ஒரு மரக்கிளையை வெட்டிப் போட்டுவிட்டு இளவரசியைப் பார்த்துச் சிரித்தான். நாகமுத்து சாப்பிடுவது மட்டும்தான் வலது கையால், அது அவருடைய ஆத்தா அடித்து அடித்துப் பழக்கியது, மற்றதெல்லாம் இடது கைதான், கோடரியும் இடது கைதான், முகாமில் எவனும் அவர் பக்கத்தில் நின்று வெட்டமாட்டானாம், இவன் கோடாலி எந்தப் பக்கத்திலேருந்து வரும்னு சாமிக்கே தெரியாது என்பார்களாம், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்... இளவரசியின் தலையில் ராஜகுமாரன் பூ வைத்தான், அதுவும் இடது கையால். மரகதம் தன் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், எதற்கென்று தெரியவில்லை, கை தானாகப் போயிற்று, வந்தது.

அரக்கன் வந்தபோது அந்தப் பக்கம் குழந்தைகள் கத்தின. வெட்டினார்கள், குத்தினார்கள், அம்பு விட்டார்கள், அவன் சிரித்துக்கொண்டே நின்றான், ஒன்றும் ஆகவில்லை, உயிர் அங்கே இருந்தால்தானே வலிக்கும். நேற்று குழாயடியில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது, வண்டு இல்லை கிளி, என்றாள் தெலுங்குக்காரி, எங்கள் ஊரில் குளத்துக்கடியில் தூணுக்குள்ளே, என்றாள் தீதி, பொம்பளைங்களா, சட்டி பானை தூக்கிட்டு வர எடமில்லாத கப்பல்ல ஆளுக்கொரு அரக்கனத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே, என்றாள் ஜெயலட்சுமி அக்கா, எல்லாரும் சிரித்தார்கள். ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் என்று ஊரில் கதை சொன்னவர்கள் எல்லாரும் கையை நீட்டிக் காட்டிய இடம் இதுதானே, இந்தத் தீவுகள்தானே, இங்கேயே வந்து குடியிருந்துகொண்டு இன்னும் எந்தப் பக்கம் கையை நீட்டுவது? மல்லிகாவுக்கு அதில் சந்தேகமே இல்லை, அந்தப் பெட்டி சிப்பிகாட்டில்தான் எங்கோ இருக்கிறது, தென்னை மரத்திலிருந்து கொம்பன் வண்டைக் கம்பியால் குத்தி எடுக்கிற பண்ணை ஆட்களிடம், மாமா அதக் கொல்லாதீங்க, யாரோட உசுரோ, என்று மல்லுக்கு நின்றவள்... ஆனால் கதையில் அந்த அரக்கனை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லையே, உயிரை எடுத்து எங்கோ வைத்துவிட்டு எப்படியப்பா நடமாடுகிறாய், பசிக்கிறதா, ரசம் ஊற்றிக்கொள்கிறாயா, பாக்கு உரிக்கிறாயா... அதை எங்கே வைத்தோம் என்று நீயாவது தெரிந்து வைத்திருக்கிறாயே.

இடைவேளையில் சொக்கலிங்கம் ஒரு காகிதப் பொட்டலத்தில் சுண்டலோடு வந்தார், பின்னாலேயே ஜெயலட்சுமி அக்கா, கண்ணெல்லாம் சிவந்து, குனிந்து மரகதத்தின் முகத்தை ஜெனரேட்டர் பல்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “ஒரு சொட்டு? ராணிய காட்டுக்கு அனுப்பறப்பக்கூடவா?” என்றாள். மரகதம் சுண்டலை வாங்கிக்கொண்டாள். “முன்னாடி வாங்க தங்கச்சி, இருட்டுல எவன் பாக்கப்போறான்,” என்றார் சொக்கலிங்கம், “கிளைமாக்ஸ் பின்னாடிலேருந்து பாத்தா நல்லாருக்காது. கடல் சீனெல்லாம் இருக்கு.” கடல் என்றதும் மல்லிகா நிமிர்ந்தாள். இல்லண்ணே, இங்கயே இருக்கோம் என்றாள் மரகதம். “நீ கெட, புள்ளயாவது நேரா பாக்கட்டும், கண்ணு கெட்டுப்போயிரும் இப்படிக் கோணலாப் பாத்தா,” என்று அக்கா மல்லிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள், மல்லிகா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், போனாள். தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றி, அந்தத் தோன்றல் கைக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் மூங்கிலைத் தாண்டிவிட்டார்கள், இப்போதெல்லாம் எல்லாம் இப்படித் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. படம் மறுபடி ஓடியது. தனியாக உட்கார்ந்து பார்த்தாள், ராஜகுமாரன் அரக்கனின் ஆட்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான், இடது கை போய்ப் போய் வந்தது, அங்கே மல்லிகா பார்த்துக்கொண்டிருப்பாள், அங்கே கடலெல்லாம் சீக்கிரம் வந்துவிடும், கைதட்டுவாள், பிறகு திரும்பி வரும்போது அவள் முகத்தில் என்ன இருக்கும்...

இருட்டில் ஏதோ ஓடி வந்து மடியில் விழுந்தது. மல்லிகா. மூச்சு வாங்கியது. “அம்மா, அந்தப் பக்கம் வேற ஆளும்மா.” என்னடி சொல்ற என்றாள் மரகதம். “வேற ஆளு. சட்ட அதேதான், மூஞ்சிகூட அதே மாதிரிதான் வச்சிருக்காங்க. ஆனா சோத்தாங்கையால சண்ட போடுறான். ஜெயலட்சுமி பெரியம்மாகிட்ட சொன்னா, கிறுக்குப்புள்ள ரெண்டும் ஒரே ஆளுதாங்கறாங்க. எனக்குத் தெரியாதாக்கும்.” துணியைப் பார்த்தாள், அங்கே இடது கை சுழன்றதைப் பார்த்ததும் உடம்பு தளர்ந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். ரெண்டும் ஒரே ஆளுதான் என்று சொல்லியிருக்க வேண்டும், பெரியவர்கள் அதைத்தான் சொல்ல வேண்டும், மரகதம் சொல்லவில்லை. ஆமா என்றும் சொல்லவில்லை. மகள் தலையின் எண்ணெய் வாடை வந்தது. அப்போது ஒரு முனிவர் ராஜகுமாரனைக் கூப்பிட்டு, ஏழு கடல்களையும் தாண்டிச் செல் மகனே என்று கையை உயர்த்தினார், மல்லிகா மரகதத்தின் புடவையைப் பிடித்தாள், துணி ஒரு கணம் கறுத்தது, ஒரு அலை வந்து மோதியது, அது கடல் மாதிரியே இல்லை, தொட்டியில் தண்ணீரை ஆட்டிவிட்ட மாதிரி இருந்தது, மறுபடி வெளிச்சம் வந்தபோது ராஜகுமாரன் குகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தலைமுடிகூட நனையவில்லை. “தாண்டிட்டானா?” என்றாள் மல்லிகா. ம் என்றாள் மரகதம். “ஏழுமா? எப்ப?” அதற்குள் பெட்டி வந்தது, வண்டு வந்தது, கம்பியில் கட்டிய வண்டு, கம்பி தெரிந்தது, ராஜகுமாரன் அதை இடது கையில் நசுக்கினான், அரக்கன் விழுந்தான், கோட்டை விழுந்தது, ராணி மகனைக் கட்டிக்கொண்டாள், அந்தப் பக்கம் சிப்பிகாட் முழுவதும் அழுதது, தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் அழுகிறதென்றாலும் சத்தம் ஒன்றுதான். மரகதத்தின் கண் காய்ந்துதான் இருந்தது. மல்லிகா கைதட்டவில்லை. எழுந்து பாயைச் சுருட்டினாள். “போலாம்மா. இது வேற கத.”

வீட்டுக்குப் போகிற வரப்பில் மல்லிகா லாந்தரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், கழிமுகத்துச் சேற்று வாடை வந்தது, எங்கோ தவளைகள். இதுல கடலே இல்லம்மா, என்றாள், கடல் இல்லாம என்ன கத. ஒண்ணாவது கடல் கருப்பா இருக்கும்ல? என்றாள். ஆமா, இஞ்சின் எண்ணெ மெதந்து கருப்பா இருக்கும், என்றாள் மரகதம். ரெண்டாவதுல மீனுக்கு றெக்க, என்றாள் மல்லிகா. மூணாவது கடலுக்கு வரி கட்டணும், என்று மரகதத்தின் வாய் சொல்லியது, சாப்பிட்டது எல்லாத்தையும் வாந்தியெடுத்துக் குடுத்தாத்தான் விடுவா அந்தக் கடல்ராசாத்தி. மல்லிகா நின்று திரும்பிப் பார்த்தாள், ஒனக்கு எப்படித் தெரியும், நீ பாத்திரம் தேச்சிட்டிருப்பியே. பாத்திரம் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள், காது எங்கே போகும்... நாலாவதில் கரை தெரியாது, பறவை வந்துவிடும். ஐந்தாவதில் மரங்கள் காலை நனைத்துக்கொண்டு நிற்கும், மீன் மரமேறும். சொல்லிக்கொண்டே வந்தவள் வரப்பில் நின்றுவிட்டாள். மதராஸ் துறைமுகத்துத் தண்ணீர், பறவை மீன், கப்பலில் எல்லாருக்கும் வந்த வாந்தி, நாலாம் நாள் தட்டுப்பட்ட பறவை, முகாமுக்குப் படகு போகிற அந்த அலையாத்திக் கால்வாய்... அவ்வளவுதானே அவர் பார்த்த கடல். ஐந்துக்கு மேல் அவரிடமும் இல்லை. கடைசித் தடவை முழுக்க ஐந்தாவதிலேயே இழுத்துக்கொண்டிருந்தாரே, அந்த மரம் இந்த மீன் என்று, அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தாரோ, போன இடத்தில் கிடைத்தால் கொண்டுவரலாம் என்று...

“அம்மா, ஆறாவது கடல் எப்படி இருக்கும்?”

கேட்டுவிட்டாள். அந்தச் சேதி வந்த மழைக்கு அப்புறம் யாரையும் கேட்காதவள் கேட்டுவிட்டாள். தெரியாதுடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “ஆறாவது கடல்ல அலையே கெடையாது,” என்றாள். “சத்தம்?” “சத்தமும் கெடையாது. உப்பும் இல்ல. கைய உள்ள விட்டா நனைஞ்சிச்சா இல்லியான்னுகூடத் தெரியாது.” மல்லிகா லாந்தரை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள். “அலை இல்லன்னா தோணி நகராதே. எப்படித் தாண்டுவான்?” எப்படித் தாண்டுவான். வரப்புக்கு அப்பால் கழிமுகத்துத் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது, சில சாயங்காலங்களில் வேலை முடிந்து வருகையில் அதன் ஓரத்தில் போய் நின்றிருக்கிறாள், சும்மாதான் நின்றாள், யாரிடமும் சொன்னதில்லை, தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. “மீதிய நாளைக்குச் சொல்றேன்,” என்றாள். “நெசமா?” என்றாள் மல்லிகா, உடனே, வாசல் படியில் அவரிடம் கேட்கிற அதே குரலில், லாந்தரை உயர்த்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு. அப்போதுதான் மரகதத்துக்கு, என்ன சொல்லிவிட்டோம் என்று... இதைச் சொன்னவர்கள் இனி எங்கேயும் போக முடியாது. ம் என்றாள். மல்லிகா திரும்பி நடந்தாள், மரகதம் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் நடந்தாள், ஆறைத் தாண்டினால் ஏழு இருக்கிறது, ஏழுக்கு அப்புறம் அந்தப் பெட்டி, அதைத் திறந்தால் வண்டு, அந்த வண்டை என்ன செய்வது, கொல்வதா, விட்டுவிடுவதா, அவர் என்ன நினைத்து வைத்திருந்தார், ஒருநாளாவது கேட்டிருக்கலாமே...